எண்ணெய்ப் பாத்திரத்துக்குப் பூட்டு

அத்தியாயம் 17

பூட்டு அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

விடிவதற்குள் யாருக்காவது புத்தி வந்து கழற்றியிருப்பார்கள் என்று பெரியவள் நினைத்தது அவள் தப்பு. பித்தளைப் பூட்டு. கடையிலிருந்து வந்த பளபளப்பு இன்னும் போகவில்லை. பத்தொன்பது வருஷமாக அவள் கை மட்டுமே பட்ட எண்ணெய்ப் பாத்திரம் அது. நேற்றுச் சாயங்காலம் அவள் கண் முன்னாலேயே தம்பி அதன் மூடியில் ஓட்டை போட்டு, வளையம் மாட்டி, பூட்டைத் தொங்கவிட்டுப் போனான். சாவி அவன் கழுத்தில், அடையாள அட்டை மாட்டியிருக்கும் கயிற்றிலேயே ஆடிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் நாம் அவளை விட்டுவிட்டு வந்ததும் இந்தப் பூட்டுக்கு எதிரில்தான். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாசனை எண்ணெய் வடிக்கிற குடும்பம் இது. வேரையோ புல்லையோ பெரிய கலனில் அடைத்து, அடியிலிருந்து ஆவி விடுவார்கள். ஆவி வாசனையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் சுருள் குழாய் வழியாக இறங்கும். இறங்கும்போது குளிர்ந்து மறுபடி தண்ணீராகும். கூடவே எண்ணெயும் வரும். இரண்டும் வந்து விழுந்து, எண்ணெய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரிகிற இடம்தான் அந்த எண்ணெய்ப் பாத்திரம்.

கொட்டகை அப்பாவுடையது. கலன் பெரியவள் பொறுப்பு. பாய்லர் அவள் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆபீஸ், போன், விசிட்டிங் கார்டு எல்லாம் சின்னவன். கார்டில் 'மேனேஜர்' என்று அவனாகப் போட்டுக்கொண்ட நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் அவனை மேனேஜர் என்றே கூப்பிடுகிறார்கள். கிண்டல் என்று அவனுக்கு மட்டும் இன்னும் தெரியாது.

இந்தப் பருவத்தில் வெட்டிவேர் எண்ணெய் குறைந்தது. நாலு கலன் வேர் வடித்ததில், கலனுக்கு ஒரு கிலோ குறைவு. அந்த நாலு கிலோ எங்கே போயிற்று? மேனேஜர் மூன்று நாள் உட்கார்ந்து யோசித்தான். யோசித்து, அக்கா எடுத்திருக்கிறாள் என்று கண்டுபிடித்தான்.

கேட்டீர்களா நியாயத்தை?

கல்யாணத்துக்கு முன்னால் இந்தக் கொட்டகைக்குள் வந்தவள் அவள். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதுகூடக் கலன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வடித்தவள். வெட்டிவேர் என்றால் ஒரு பகலும் ஒரு இரவும் விடாமல் ஆவி விட வேண்டும். அத்தனை நேரமும் குழாய் வாயில் விரலை வைத்து, வருகிற நீரின் சூடு பார்த்து, மோந்து பார்த்து, ஒவ்வொரு சொட்டாகச் சேர்த்தவள் திருடி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் சூட்கேஸோடு வந்து இறங்கியவன் போலீஸ்.

"என்னங்க, பார்த்தீங்களா, பூட்டை எடுக்கலை" என்றாள் வீட்டுக்காரரிடம்.

பாய்லர்காரர் குனிந்து, காய்ந்த வேர்ச்சக்கையைக் கவைக்கோலால் அள்ளி நெருப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். வடித்து முடிந்த சக்கையைக் காயவைத்து, விறகோடு சேர்த்து அதையும் எரிப்பது அவர் வழக்கம். "ம்" என்றார்.

"வெறும் ம் தானா? உங்க பொண்டாட்டியைத் திருடின்னு சொல்லியிருக்காங்க. ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா உங்க மச்சானை?"

"கேட்டா மட்டும் என்ன ஆகப்போகுது?"

நிமிர்ந்து, ஆவிக் குழாயில் இருந்த கேஜை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்து, சுவரில் எதையோ எழுதினார். தினமும் காலையில் அழுத்தம் பார்த்து எழுதுவார். பெரியவள் அந்தப் பக்கம் திரும்பியே பார்த்ததில்லை. பாய்லர் அவர் சாம்ராஜ்யம், கலன் அவள் சாம்ராஜ்யம். இத்தனை வருஷம் சண்டை வராமல் இருந்ததற்கு அது ஒரு காரணம்.

இரண்டு மாதமாகவே மனிதர் இப்படித்தான். வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் பாய்லர் பார்க்க ஆள் வேண்டும் என்று கடிதம் வந்ததும், 'கலனை விட்டுட்டு நான் எங்க வர்றது' என்று இவள் சொன்னதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்குக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், பேச்சையும் அதோடு சேர்த்து மடித்து வைத்துவிட்டார்.

அவள் மேற்கொண்டு சண்டை போடுவதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது.

நாலு டின். போன வாரம் சோப்புக் கம்பெனிக்குப் போன எலுமிச்சைப்புல் எண்ணெய். போன வேகத்தில் திரும்பி வந்திருந்தது. டிரைவர் ஒரு காகிதத்தை மேனேஜரிடம் நீட்டினான். மேனேஜர் படித்தான். படிக்கப் படிக்க முகம் சிவந்தது. கடைசி வரியில் அவன் கண் அக்காவைத் தேடியது.

"எல்லாரும் ஆபீசுக்கு வாங்க. அப்பாவையும் கூப்பிடுங்க."

ஆபீஸ் என்றால் கொட்டகையின் மூலையில் கண்ணாடி வைத்து அடைத்த ஓர் அறை. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சு விட இடமில்லை. அப்பா நாற்காலியில். அம்மா கதவோரம். மேனேஜர் மேஜைக்குப் பின்னால். பெரியவள் நின்றாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"கம்பெனிக்காரங்க எழுதியிருக்காங்க" என்று மேனேஜர் படித்தான். "'எண்ணெயில் மண் வாசனை அடிக்கிறது. இது சுத்தமான புல் எண்ணெய் இல்லை. கலப்படம் என்று சந்தேகிக்கிறோம்.' கலப்படமாம் அப்பா. முப்பது வருஷத்துல இப்படி ஒரு வார்த்தை நம்ம கொட்டகைக்கு வந்திருக்கா?"

"அதுக்கு என்னை ஏன் பார்க்கிறே?" என்றாள் பெரியவள்.

"வடிக்கிறது நீதானேக்கா."

"வடிக்கிறது நான். பூட்டு வைக்கிறது நீ. நல்லா இருக்கு."

"வேர் எண்ணெய்ல நாலு கிலோ காணோம். புல் எண்ணெய்ல என்னமோ கலந்திருக்கு. எடுத்ததை மறைக்க எதையாவது ஊத்தி அளவைச் சரி பண்ணியிருந்தா இப்படித்தான் ஆகும். நான் சும்மா சொல்லலை. நீ பையில பாட்டில் வெச்சு எடுத்துட்டுப் போனதைப் பார்த்தவங்க இருக்காங்க."

பெரியவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"பாட்டிலா? எண்ணெய் பிரிஞ்சப்புறம் மிஞ்சுற தண்ணிடா அது. வீடு துடைக்க எடுத்துட்டுப் போறேன். பத்தொன்பது வருஷமா எடுத்துட்டுப் போறேன். உன் பொண்டாட்டியும்தான் குழந்தை துணி அலச ரெண்டு பாட்டில் வாங்கிட்டுப் போனா. அவ வீட்டையும் சோதனை போடு."

"இது வேற."

"எப்படி வேற? யாரு பார்த்தது? அந்த மகராசன் பேரைச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அப்படியா. என் பேரைக் கெடுக்கிறதுக்கு வாக்கு வேணாம். அவங்க பேரைக் காப்பாத்த வாக்கு வேணும்."

அப்பாவுக்குப் பேச்சு குறைவு. ஆனால் ஒன்று சொல்லிவிட்டால் மாற்ற மாட்டார். சொன்ன சொல்லுக்காக ஒருமுறை நஷ்டத்துக்கு ஒரு லாரி புல்லை வாங்கிக் கொட்டகையில் கொட்டியவர். மேஜை மேல் ஏற்கெனவே டைப் அடித்த ஒரு கடிதம் இருந்தது. அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அம்மாடி, நான் உன்னைத் திருடின்னு சொல்லலை" என்றார். "ஆனா கம்பெனிக்காரனுக்குப் பதில் சொல்லணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு இதுல கையெழுத்துப் போட்டு, கொட்டகைப் பொறுப்பை மொத்தமா தம்பி பேருக்குக் கொடுத்துடறேன். நீ கொஞ்ச நாள் பேக்கிங் ரூம்ல இரு. லேபிள் ஒட்டு. இந்தப் பேச்செல்லாம் ஆறட்டும்."

லேபிள்.

பெரியவள் அம்மா பக்கம் பார்த்தாள். "விடும்மா, தம்பிதானே" என்றாள் அம்மா. எல்லா வீட்டிலும் இந்த இடத்தில் ஓர் அம்மா இதைத்தான் சொல்வாள். தம்பி என்றால் விட வேண்டும். அக்கா என்றால் யாரும் எதையும் விடத் தேவையில்லை.

"என் பேரைக் கெடுத்த எண்ணெயையாவது நான் மோந்து பார்க்கலாமா? இல்லை அதுக்கும் பூட்டு இருக்கா?"

யார் பதிலுக்கும் காத்திராமல் வெளியே வந்து முதல் டின்னின் மூடியைத் திருகினாள். குனிந்து மோந்தாள். எலுமிச்சை சுரீரென்று ஏறியது. அதற்குப் பின்னால், நிதானமாக, இன்னொன்று வந்தது. ஈர மண். மழை விட்டபிறகு தோண்டிய குழி. கம்பெனிக்காரன் பொய் சொல்லவில்லை.

ஆனால் இது மண் இல்லை. இந்த வாசனையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்லுவாள். இது வெட்டிவேர்.

புல் எண்ணெய்க்குள் வேர் எண்ணெய் எப்படி வந்தது?

டின்னைப் பிடித்தபடி தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். தொட்டியின் பக்கத்தில், தம்பி பருவத் தொடக்கத்தில் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடாத குறையாக வாங்கி வைத்த சில்லர் உறுமிக்கொண்டிருந்தது. தொட்டித் தண்ணீரைப் பனிக்கட்டி மாதிரி ஆக்குகிற மெஷின். 'சீக்கிரம் குளிர்ந்தா சீக்கிரம் எண்ணெய், இது சயின்ஸ்' என்றான் அன்றைக்கு. புல்லுக்கு அது சரிதான். வேருக்கு ஆகாது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லவும் செய்தாள். 'கை பொறுக்கிற சூட்டுல வரணும்டா வேர்த் தண்ணி' என்றாள். அவன் சிரித்தான்.

ஏன் ஆகாது என்று அப்போது அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. எண்ணெய் தண்ணீரோடு கலந்து சாக்கடைக்குப் போகிறதோ என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது தெரிந்தது. வேர் எண்ணெய் தேன் மாதிரிக் கெட்டி. குளிர்ந்தால் பிசின். பனிக்கட்டித் தண்ணீருக்குள் கிடக்கிற சுருளில் இறங்கும்போதே உறைந்து, குழாயின் உள்சுவரில் அப்பிக்கொண்டிருக்கிறது. அடுத்து வந்த புல் எண்ணெய் எந்தப் பிசினையும் கரைக்கிற ஜாதி. அது போகிற போக்கில் கொஞ்சத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்டு டின்னுக்கு வந்துவிட்டது.

முன்பெல்லாம் ஒரு சரக்கு முடிந்து அடுத்தது ஏற்றுவதற்கு முன்னால், வெறும் கலனில் ஒரு மணி நேரம் ஆவி விட்டுச் சுருளைக் கழுவுவாள். அதை நிறுத்தியதும் மேனேஜர்தான். 'விறகு தண்டம்' என்று நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டினான்.

ஆக, எண்ணெய் களவு போகவில்லை. கொட்டகையை விட்டு வெளியே போகக்கூட இல்லை. அவளைத் திருடி என்றவன் வாங்கி வைத்த மெஷினுக்குப் பக்கத்திலேயே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது.

திரும்பி ஆபீசுக்குள் போனாள்.

"அப்பா, அஞ்சு மணி வரைக்கும் எனக்குக் கலனை விடுங்க. சில்லரை நிறுத்தணும். வெறும் கலன்ல ஆவி விடணும். காணாம போன எண்ணெயை உங்க கண்ணு முன்னாடி காட்டறேன்."

"சில்லரை நிறுத்தினா வாரண்டி..." என்று ஆரம்பித்தான் மேனேஜர்.

"உன் வாரண்டியைக் கொண்டுபோய்ப் பூட்டி வை. நான் அப்பாகிட்ட பேசறேன்."

அப்பா கடிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "காட்டலைன்னா?"

"லேபிள் ஒட்டறேன். வாய் திறக்க மாட்டேன். காட்டிட்டேன்னா, பார்த்தேன்னு சொன்ன ஆளு யாருன்னு தெரியணும். அது யாரா இருந்தாலும், அந்த ஆளு இனிமே இந்தக் கொட்டகைப் படி ஏறக் கூடாது. நீங்க வாக்குக் கொடுக்கணும்."

"அம்மாடி, கோவத்துல..."

"கோவம்தாம்ப்பா. வேற என்ன வரும்?"

அப்பா கொஞ்ச நேரம் விரலால் மேஜையைத் தட்டினார். "சரி. யாரா இருந்தாலும். வாக்கு."

மேனேஜர் எதையோ சொல்ல வாயெடுத்தான். பிறகு வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டான். அவன் கண் கண்ணாடி வழியாகக் கொட்டகையின் மறுகோடிக்குப் போய்விட்டுத் திரும்பியது. பெரியவள் அதைக் கவனித்தாள். கவனித்தும் நின்று யோசிக்கவில்லை. அவளுக்குக் கை பரபரத்தது.

பன்னிரண்டு மணிக்கு சில்லரின் உறுமல் நின்றது. தொட்டியில் இருந்த குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டு, சாதாரணத் தண்ணீரைப் பாதி நிரப்பினாள். புல்லோ வேரோ ஒரு பிடி இல்லாமல் கலன் மூடியை இறுக்கினாள்.

"ஆவி கொடுங்க" என்றாள் வீட்டுக்காரரிடம்.

"வெறும் கலனுக்கா?"

"ஆமா."

அவர் கவைக்கோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நின்றார். "எதுக்கு இந்த வீராப்பு? அவங்க வேண்டாங்கிறாங்க. போயிடலாமே. இப்படித் தொங்கிக்கிட்டு நின்னு யாருக்கு எதை நிரூபிக்கப்போற?"

"திருடிங்கிற பேரோடவா போறது? நல்லா இருக்கே உங்க யோசனை. ஆவி கொடுங்க."

கொடுத்தார். மெதுவாகத்தான் கொடுத்தார். பாய்லரில் தண்ணீர் குறைவு என்றார், சக்கை ஈரம் என்றார், வால்வு மக்கர் என்றார். மனிதருக்கு மனசு சரியில்லை, பெண்டாட்டிக்கு வந்த அவமானத்தில் கை ஓடவில்லை என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். பாவமாகக்கூட இருந்தது.

ஒரு மணி. குழாய் வாயிலிருந்து தண்ணீர் வந்தது. வெறும் தண்ணீர். பூட்டிய மூடியின் ஓரத்தில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

இரண்டு மணி. தண்ணீர்.

மேனேஜர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தான். கால் மேல் கால். கொட்டகையில் எத்தனையோ பேர் உட்காராமல் வேலை செய்த இடம் அது. "அக்கா, விறகு எவ்வளவு ஆச்சுன்னு பார்த்துக்கோ" என்றான். அவள் மூடிக் கண்ணாடியில் மறுபடி குனிந்தாள். வாயைத் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மா டீ கொண்டுவந்தாள். முதல் டம்ளரை மகனிடம் நீட்டினாள். அதையும் பெரியவள் பார்த்துத் தொலைத்தாள்.

மூன்று மணிக்குத் தொட்டியின் மேல் லேசாக ஆவி பறந்தது. தண்ணீர் சூடேறிவிட்டது. தொட்டியின் தகரத்தைத் தொட்டுப் பார்த்தாள். கை பொறுக்கிற சூட்டையும் தாண்டிவிட்டது. இப்போது வர வேண்டும். இப்போதும் வரவில்லை என்றால் அவள் நினைத்தது தப்பு. நாளை முதல் லேபிள். அவள் பிள்ளைகள் பெரியவர்களான பிறகும், 'உங்கம்மா அந்த எண்ணெய் விஷயத்துல' என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

குழாய் ஒரு தடவை செருமியது. நின்றது. மறுபடி செருமியது. பிறகு வாய்க்குள் எதையோ அடக்கி வைத்திருந்தவன் துப்பின மாதிரி, 'பொளக்' என்று ஒரு கட்டி விழுந்தது.

வாசனை மூடியைத் தாண்டி வந்துவிட்டது. அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். ஆபீசுக்குள் இருந்த அப்பா எழுந்து வெளியே வந்தார். அவருக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

"மேனேஜர் சார்" என்றாள் பெரியவள். "சாவி."

அவன் எழுந்து வந்தான். கயிற்றைக் கழுத்திலிருந்து எடுக்காமலே குனிந்து சாவியைப் போட்டான். அது மூன்று முறை வழுக்கியது. ஒருவழியாகப் பூட்டு திறந்தது. அவள் மூடியைத் தூக்கினாள்.

பழுப்புத் தேன் நிறத்தில், கெட்டியாக, பாத்திரத்தில் கனமாகத் தங்கியிருந்தது. குழாயிலிருந்து இன்னும் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் இறங்கியது. அப்பா விரலில் ஒரு சொட்டுத் தொட்டு, புறங்கையில் தேய்த்து, மோந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

எடை போட்டாள். மூன்று கிலோ இருநூறு.

"நாலு கிலோ குறைஞ்சுதே" என்றான் மேனேஜர். நிஜமாகவே கேட்டான். "மிச்சம் எண்ணூறு கிராம்?"

அவனை அடித்திருந்தால்கூட நான் தப்புச் சொல்ல மாட்டேன். அவள் அடிக்கவில்லை. திரும்பி வந்திருந்த டின்னைத் தூக்கி அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"கொஞ்சம் இதுல இருக்கு. மோந்து பாரு. இதைத்தான் உன் கம்பெனிக்காரன் மண்ணுங்கிறான். மிச்சம் உன் பனிக்கட்டித் தண்ணில கிடந்த சுருளுக்குள்ளயே இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. சுருளுக்கும் ஒரு பூட்டு வாங்கிப் போடு."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை, மடித்தார். "அவன் தெரியாம செஞ்சுட்டான்மா."

"ஆமாப்பா. அவன் செஞ்சா தெரியாம செஞ்சது. நான் செய்யாததுக்கு மட்டும் பூட்டு."

அப்பா மடித்த கடிதத்தைப் பைக்குள் இன்னும் கீழே தள்ளினார்.

பெரியவள் திறந்த பூட்டை வளையத்திலிருந்து உருவி எடுத்தாள். தம்பி கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியையும் கழற்றிக்கொண்டாள். அவன் ஆட்டுக்குட்டி மாதிரி நின்றான்.

"இப்ப சொல்லு. யாரு பார்த்தது?"

"வேண்டாம்க்கா."

"வேண்டாமா? காலையில ஊரைக் கூட்டிப் படிச்சியே, அப்ப வேணும். சொல்லு."

"அக்கா, நான் மன்னிப்புக் கேக்கறேன். கால்ல வேணா விழறேன். அதை மட்டும் விட்டுடு."

"பேரு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. கொட்டகையின் மறுகோடியைப் பார்த்தான்.

"மாமாதான்."

எந்த மாமா என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவே இல்லை. அவன் மாமா என்று கூப்பிட உலகத்தில் இருப்பது ஒரே ஓர் ஆள்தான் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

பாய்லர் பக்கம் நடந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் போனதைக் கைவிரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நெருப்பைப் பார்த்து நின்றார். அவர் தலைக்கு மேலே சுவரில் சாக்பீஸ் எழுத்து, வரிசை வரிசையாக, தேதியும் எண்ணும். முதன்முறையாக அதைப் படித்தாள். பல மாதமாக இரண்டு, இரண்டு, இரண்டு. சில்லர் வந்த தேதியிலிருந்து இரண்டேகால். இரண்டரை. போன வாரம் மூன்று. இன்று காலை மூன்றேகால். குழாய் அடைத்துக்கொண்டே வந்தால் ஆவிக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறத்தான் செய்யும். அவள் மூக்குக்கு இன்றைக்குத்தான் தெரிந்த விஷயம், இவர் கையெழுத்தில் இரண்டு மாதமாகச் சுவரில் இருந்திருக்கிறது.

"தம்பி சொல்றது நிஜமா?"

"நிஜம்தான்" என்றார். திரும்பினார். முகத்தில் கரி. கண்ணில் மட்டும் கரி இல்லை.

"நான் எண்ணெய் எடுத்தேன்னு நினைச்சீங்களா?"

"இல்லை. நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். எண்ணெய் எங்க இருக்குன்னும் தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். கோவிச்சுக்கிட்டு நீயே கலனைத் தூக்கிப் போட்டுட்டு வந்துடுவேன்னு நினைச்சேன்."

சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தின் நுனி எட்டிப் பார்த்தது.

"என்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமே."

"மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் நீ குழாய்ல விரலை வெச்சுக்கிட்டே பதில் சொன்னே. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலை."

அது உண்மைதான். அந்த உண்மை அவளுக்கு உள்ளே எங்கேயோ போய்க் குத்தவும் செய்தது. ஆனால் அதற்காக?

"அதுக்காகத் திருடின்னு சொல்லுவீங்களா? என்னை? என் தம்பிகிட்டயே?"

அவர் பார்வை கேஜுக்குப் போயிற்று.

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "மாப்பிள்ளை... நான் வாக்குக் கொடுத்துட்டேன்."

"தெரியும் மாமா. கண்ணாடிக் கதவு திறந்துதான் இருந்துச்சு." அவர் தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்து, அதைக் கொடியில் போட்டார். "யாரா இருந்தாலும்னு கேட்டது அவதானே."

நடந்தார். கொட்டகையின் மூன்று படியையும் ஒவ்வொன்றாக இறங்கினார். வாசலில் நின்று திரும்பி, "முதல் தேதி சேரச் சொல்லியிருக்காங்க. ரெண்டு ரூம் வீடு கொடுக்கிறாங்க" என்றார், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்கிற குரலில்.

"அடியே, கூப்பிடுடீ" என்றாள் அம்மா.

பெரியவள் கூப்பிடவில்லை. போய்க் கதவைச் சாத்தினாள். உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டு, அந்தப் பித்தளைப் பூட்டை அதில் மாட்டி, அழுத்தினாள். 'க்ளிக்' என்றது. சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் உள்ளேதான் நின்றார்கள். எங்களை ஏன் பூட்டினாய் என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

பாய்லரின் வாய் திறந்தே கிடந்தது. நெருப்பு இறங்கிக்கொண்டிருந்தது. சுருளில் இன்னும் எண்ணெய் மிச்சம் இருக்கிறது. ஆவி நின்றால் அது மறுபடி உறைந்துவிடும்.

சுவரில் சாய்ந்திருந்த கவைக்கோலை எடுத்தாள். தம்பியிடம் நீட்டினாள்.

"சட்டையைக் கழட்டு. பாய்லருக்கு ஆள் இல்லை."

"அக்கா, எனக்கு இதெல்லாம்..."

"கழுத்துல இருக்கிற அட்டையையும் கழட்டி வை. நெருப்புக்கிட்ட உருகிடும்."

அவன் வாங்கிக்கொண்டான். அவள் கலன் பக்கம் திரும்பி, குழாய் வாயில் விரலை வைத்தாள். வைத்த விரலை அவளே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். அது தூரமாகப் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. அவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.